இடிக்குக் கொடுத்த முடி

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் எங்கள் வரிசை வீடுகளில் என்னை டாக்டர் என்று நம்புகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அப்படிச் சொல்லிப் பரப்பியது அப்பா. நான் டாக்டர் இல்லை, மருத்துவ உதவி அதிகாரி. அம்மாவின் பேச்சில் டிரஸ்ஸர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அம்மாவுக்கு ஊசி போடுகிற ஆண் எவரும் டிரஸ்ஸர்தான். "டிரஸ்ஸர் வாராருன்னா நாங்கல்லாம் ரப்பர் காட்டுக்குள்ள ஓடிருவோம்" என்பார். அதே மூச்சில் "எம்மவன் டிரஸ்ஸரா இருக்கான்" என்று பக்கத்து வீட்டில் பெருமையும் அடித்துக்கொள்வார். எங்கள் குடும்பத்தில் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் எதையும் கொஞ்சம் அதிகமாகவே பொறுப்பாகச் செய்வேன். வந்த வினை அதுதான்.

அப்போது நான் நடமாடும் மருத்துவக் குழுவில் இருந்தேன். மாதம் ஒரு முறை கோப்பெங்கைத் தாண்டி, செம்மண் பாதையில் ஏறி, மலையோரத்தில் இருக்கும் செமாய் மக்களின் கம்பங்களுக்கு, அதாவது கிராமங்களுக்கு, போவோம். செமாய் மக்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பூர்வகுடிகள்; மலாயில் ஓராங் அஸ்லி. எங்கள் குழுவில் மூன்று பேர். தெலுக் இந்தானைச் சேர்ந்த மூத்த தாதி, எல்லோருக்கும் மிஸ்ஸியக்கா. வண்டி ஓட்டும் அண்ணன், ஈப்போ சிலிபின்காரர், உலகத்தில் அவருக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் கிடையாது. பிறகு நான்.

அந்த மாதம் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பத்தில் தட்டம்மை கண்டிருந்தது. ஈப்போவில் நடந்த கூட்டத்தில் ஒருவர், "ஓராங் அஸ்லி தாய்மார்கள் ஊசி என்றாலே ஓடிவிடுகிறார்கள்" என்றார். அதை நான் என் சொந்தப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டேன். தட்டம்மை பற்றி மலாயில் ஓர் உரை தயாரித்துக் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். அம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா கைய அப்படி ஆட்டாத, ஓட்டு கேக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

ஓடிவிடுவார்கள் என்று சொல்லப்பட்ட தாய்மார்கள் எங்களுக்கு முன்பே பொது மண்டபத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மலையில் இன்னும் மேலே இருக்கும் குடியிருப்பிலிருந்து ஒருவர், பெண் குழந்தையைத் துணியில் கட்டிக்கொண்டு முந்தின நாளே இறங்கி வந்து உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். என் வயதுதான் இருக்கும். குழந்தைக்கு ஒன்பது மாதம் தாண்டிவிட்டது, தட்டம்மை ஊசி இன்னும் போடவில்லை. ஒரு முறை டவுன் கிளினிக்குக்குக் கொண்டுபோனாராம். காட்டுப் பாதையில் நடந்து, டுரியான் லாரியில் தொற்றி, போய்ச் சேர்ந்தபோது அன்றைய எண்கள் கொடுத்து முடிந்திருந்தன. "நாளை சீக்கிரம் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ராத்திரி எங்கே படுப்பது என்பதை யாரும் சொல்லவில்லை. அடுத்த முறை எங்கள் வண்டியே மழையில் பாதை அறுந்து பாதியில் திரும்பிவிட்டது. இப்போது அம்மை கண்ட அந்தக் கம்பத்தில் அவருடைய அக்காள் மகன் உடம்பெல்லாம் தடிப்போடு கிடக்கிறான்.

"இன்னிக்குப் போட்டுட்டுத்தான் மேல ஏறுவேன்" என்றார் மலாயில். கேட்டது போல இல்லை, எங்களுக்கு அறிவித்தது போல இருந்தது.

மிஸ்ஸியக்கா ஐஸ் பெட்டியைத் திறந்து மருந்தைக் கலந்தார். "கலந்தாச்சு. இனி இது திரும்பி வீட்டுக்கு வராது. சாயங்காலத்துக்குள்ள போடணும், இல்லாட்டி வீசணும். நான் எடை பார்த்து முடிக்கிறதுக்குள்ள நீ ஒன் பேச்சைப் பேசி முடி."

பேசினேன். கையை ஆட்டவில்லை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தட்டம்மை எப்படிப் பரவும் என்ற இடத்துக்கு வந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பக்கத்துப் பெண்ணிடம், "போர்" என்றார். அவரும் தலையாட்டி, "போர், போர்" என்றார்.

தமிழ்க் காதுக்கு அந்தச் சொல்லுக்கு இரண்டே பொருள். ஒன்று சண்டை, மற்றது அலுப்பு. அவர்கள் முகத்தில் சண்டை இல்லை. இவர்களுக்கு எப்படி நம் பேச்சு தெரியும் என்று ஒரு நொடி யோசித்தேன். தோட்டத்துப் பக்கம் வேலைக்குப் போனவர்கள் நாலு வார்த்தை பிடித்திருப்பார்கள் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அடுத்து எழுந்து போய்விடுவார்கள், கூட்டத்தில் சொன்னது பலித்துவிடும் என்று பயம் வந்தது. ஏதாவது சுவாரசியமாகச் செய்தாக வேண்டும்.

மண்டபத்து நிழலில் ஒரு பழுப்பு நாய் படுத்திருந்தது.

அதைத் தூக்கிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். முகக்கவசம் மாட்டினேன். கம்புக்கூட்டில் வெப்பமானியைச் செருகினேன். பிறகு ஊசி இல்லாத சிரிஞ்சை அதன் காலில் வைத்து, அது பேசுவது போல, "ஐயோ டாக்டர், வலிக்குது டாக்டர்" என்று மலாயில் கீச்சுக் குரலில் அழுதேன். நாய் நல்ல பிறவி. கவுண்டரில் எண் அழைக்கக் காத்திருக்கும் பெரியவர் போலப் பொறுமையாக உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள் பாருங்கள், ஒருவன் மேல் ஒருவன் விழுந்து. என் வாழ்நாளில் யாரும் என்னைக் கண்டு அப்படிச் சிரித்ததில்லை.

தாய்மார்கள் மட்டும் சிரிக்கவில்லை. ஒருவர் தன் மகன் வாயைக் கையால் பொத்தினார். கூச்சப்படுகிறார்கள் போல என்று நினைத்து நாயை இன்னும் கொஞ்சம் அழவிட்டேன்.

"தம்பி, போதும்லா" என்றார் அண்ணன், வாசலிலிருந்து வானத்தைப் பார்த்தபடி.

மலைக்குப் பின்னால் இடித்தது. இரண்டாவது இடி தலைக்கு மேலேயே விழுந்தது. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து பிள்ளைகளை வாரிக்கொண்டு கிளம்பினார்கள். மேல் குடியிருப்புத் தாயும் எழுந்து துணியை இறுக்கிக் கட்டினார்.

என்ன ஆயிற்று என்று அவரிடம் கேட்டேன்.

"மிருகத்தைக் கேலி பண்ணிச் சிரிக்க வச்சிட்ட. அப்படிச் சிரிச்சா இடி வரும், காத்து வரும், ஆறு ஏறும். பிள்ளைங்களைப் பத்திரமா வீட்டுக்குள்ள வைக்கணும்."

"அப்ப ஊசி?"

அவர் ஐஸ் பெட்டியைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

நான் படித்தவனாயிற்றே. "இந்தப் பக்கம் மத்தியானத்துல இடிக்கிறது வழக்கம்தானே" என்று ஆரம்பித்தேன்.

"தினம் இடிக்கும்" என்றார். "இன்னிக்கு இடிக்கிறது உன்னோடது."

மிஸ்ஸியக்கா என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்: "ஓடுறாங்க ஓடுறாங்கன்னு மீட்டிங்ல சொன்னாங்க. இன்னிக்குத்தான் ஓடுறாங்க. ஓட்டினது நாமதான்லா."

கையில் கலந்த மருந்து. அடுத்த முறை நாங்கள் வருவது ஒரு மாதம் கழித்து, அதுவும் பாதை இருந்தால். அம்மை அதுவரை மலைக்கு அந்தப் பக்கமே நின்று காத்திருக்கும் என்று யார் சொன்னது. நான் அந்தத் தாயிடம், "நான் என்ன செஞ்சா இது சரியாகும்?" என்று கேட்டேன்.

அவர் மற்றப் பெண்களோடு செமாய் மொழியில் பேசினார். சின்ன வாக்குவாதம் நடந்தது. சிரித்த பிள்ளைகளின் முடியில் கொஞ்சம் வெட்டி எரிப்பதுதான் வழக்கம் என்று என்னிடம் மலாயில் விளக்கினார், இடி அதை முகர்ந்துவிட்டுப் போய்விடுமாம். ஒரு பெண் தன் மகன் தலையைத் தடவிப் பார்த்து மறுப்பாகத் தலையசைத்தார். பிறகு எல்லோருமாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"பிள்ளைங்க சிரிச்சாங்க. சிரிக்க வச்சது நீ" என்றார் அவர். "உன் முடி."

அடுத்த ஞாயிறு தெலுக் இந்தானில் பெரியப்பா மகன் கல்யாணம். நான்தான் மாப்பிள்ளைத் தோழன். அதற்காக முந்தின நாள்தான் சிலிபினில் முடி வெட்டியிருந்தேன். நெற்றிக்கு மேலே ஒரு அலை எழும்பி நின்றது. அப்படியே உறைந்து நிற்க ஏதோ பூசிவிட்டிருந்தார்கள். "பின்னாடி எடுத்துக்குங்க" என்று திரும்பி நின்றேன். அவர் விரல் அலையைக் காட்டியது.

"குனி" என்றார் மிஸ்ஸியக்கா, கட்டுத் துணி வெட்டும் கத்தரியோடு. அவர் குரலில் சந்தோஷம் தெரிந்தது.

"முருகனுக்கு மொட்டை போடுறேன் போடுறேன்னு ஏமாத்திக்கிட்டே இருந்தல்ல" என்றார் அண்ணன். "இங்க வச்சு வசூல் பண்ணிட்டாங்க பாரு."

அவர் கேலியாகச் சொன்னாலும், எங்கள் மூவரில் யாருக்கும் அந்தக் காரியம் வேடிக்கையாகத் தோன்றவில்லை. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் இறங்கியதற்கு அம்மா என் தலையை மழித்துக் கோயிலில் கொடுத்திருக்கிறார். எங்கள் ஜனம் முடியைக் கொடுத்தே பல கணக்குகளைத் தீர்த்த ஜனம். ஈப்போ கூட்டத்தில் இதைச் சொன்னால் மூடநம்பிக்கை என்பார்கள். சொல்கிறவர் தைப்பூசத்து மொட்டையோடு உட்கார்ந்திருந்தாலும் இருப்பார்.

பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து தேங்காய்ச் சிரட்டையில் நெருப்பு வந்தது. அலை அதில் விழுந்து சுருண்டது. பூசியிருந்ததும் சேர்ந்து எரிந்ததால் நாற்றம் இரட்டிப்பாக வந்தது. அதற்குள் மழை பிடித்திருந்தது. அந்தத் தாய் சிரட்டையை வாசலில் நனையாமல் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

மண்டபத் தகரம் அதிர ஒரு இடி விழுந்தது. எல்லோரும் என் தலையைப் பார்த்தார்கள்.

"பத்தலையோ" என்று மிஸ்ஸியக்கா கத்தரியை மறுபடி எடுத்தார்.

அடுத்த இடி தள்ளிக் கேட்டது. அதற்கடுத்தது மலைக்கு அப்பால் முனகியது. மழை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தாய் தலையைச் சாய்த்து வெகுநேரம் காது கொடுத்தார். எந்தப் பரீட்சை முடிவுக்கும் நான் அப்படிக் காத்திருந்ததில்லை. பிறகு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தையின் தொடையைத் துணியிலிருந்து வெளியே எடுத்தார்.

"போடு."

"நீயே போடு" என்று மிஸ்ஸியக்கா என்னிடம் நீட்டினார். "உன் இடி, உன் ஊசி."

குழந்தை என் நெற்றிக்கு மேல் இருந்த பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கவனம் தொடைக்கு வந்தபோது ஊசி வெளியே வந்துவிட்டது. அதற்கப்புறம் அது அழுத அழுகையில் மழைச் சத்தம் கேட்கவில்லை. தாய் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "போர்" என்றார்.

"அக்கா" என்றேன், நொந்துபோய், "ஊசியும் போராம்."

"எது?"

"என் பேச்சையும் போர்னுதான் சொன்னாங்க. அதனாலதானே நாயைத் தூக்கினேன்."

மிஸ்ஸியக்கா தட்டைக் கீழே வைத்தார். "மடையா, போர்னா அவங்க பாஷையில நல்லதுலா. ஒன் பேச்சு நல்லாருக்குன்னு சொல்லியிருக்காங்க." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நடுவில் மூச்சு வாங்கி மலாயில் அந்தத் தாயிடம் சொன்னார். அவர் செமாயில் மற்றவர்களிடம் சொன்னார். இடி தள்ளிப் போனதும் திரும்பி வந்துகொண்டிருந்த பெண்கள் நனைந்தபடி வாசலிலேயே நின்று சிரித்தார்கள்.

"இப்ப எல்லாரும் சிரிக்கிறீங்களே, இடி வராதா?" என்றேன்.

"மனுசனைப் பார்த்துச் சிரிச்சா வராது" என்றார் அந்தத் தாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஏறக்குறைய எல்லோருக்கும் போட்டுவிட்டோம். ஓடைக்கு அந்தப் பக்கம் போய்விட்ட சிலர் வரவில்லை. அண்ணன் குடையோடு போய்ப் பார்த்துவிட்டு, "தண்ணி ஏறிருச்சு, அவங்கள நாமதான் தேடி வரணும்" என்று திரும்பினார்.

மேல் குடியிருப்புத் தாயிடம் காய்ச்சல் மருந்தைக் கொடுத்து, எப்போது எவ்வளவு என்று சொன்னேன். கேட்டுக்கொண்டு, ஒரு வயது ஆனதும் இன்னொரு ஊசி உண்டு என்றதும் நிமிர்ந்தார்.

"டவுனுக்கு வரணுமா?"

"வேணாம். நாங்க வாரோம்."

"நீ வருவியா, வேற ஆளா?"

"நான்தான்."

குழந்தை தோளில் தூங்கிவிட்டது. அவர் துணியைச் சரிசெய்துகொண்டே என் முன்மண்டையைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார்.

"சரி" என்றார். "அதுக்குள்ள முளைச்சிடும்."