எடைத் தட்டில் நாலு தாள்

சித்தப்பாவுக்கு ஊர் வைத்த பெயர் 'ஹலோ'. ஆஸ்பத்திரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து, பிளக்குகளைத் தடவிச் செருகி, ஊரையே பேச வைத்தவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. பிடிவாதத்துக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

பார்வையற்றோர் பள்ளியில் கூடப் படித்த பெண் ஒருத்தி, அங்கேயே டீச்சராகிவிட்டாள். வாராவாரம் அவளுக்குப் பிரெயில் புள்ளி எழுத்தில் கடிதம் போகும், பதிலும் வரும். அந்தப் பள்ளியில் டெலிபோன் இல்லை. ஊருக்கெல்லாம் லைன் கொடுத்தவருக்குத் தனக்கென்று ஒரு லைன் கிடைக்கவில்லை. புள்ளி எழுத்துக்குத் தடித்த தாள் வேண்டும். நாம் ஒரு பக்கத்தில் முடிப்பதற்கு அவருக்கு நாலு தாள் பிடிக்கும். அதனால்தான் அந்தக் கடிதங்கள் சில ராத்தல் எடை வரைக்கும் இலவசம் என்று தபால் கட்டணப் பட்டியலில் ஒரு வரி இருந்தது.

பிறகு ராத்தலும் அவுன்ஸும் போய் கிராம் வந்தது. புதுப் பட்டியல் போட்ட புண்ணியவான்கள் விதைப் பொட்டலத்துக்குக்கூட ஒரு கட்டணம் கண்டுபிடித்தார்கள். இந்த ஒரு வரியை மட்டும் கோட்டை விட்டார்கள்.

அதே வாரம்தான், பல வருஷம் மென்று முழுங்கியதைச் சித்தப்பா எழுதியிருந்தார்: என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?

"அம்பது கிராம் சார். அஞ்சு ஸ்டாம்பு ஒட்டணும்," என்றார் கவுண்டர் கிளார்க்.

"இதுக்குக் காசு கிடையாதே."

"அது பழைய பட்டியல். புதுசுல அப்படி ஒரு வரியே இல்ல."

"வரிதான் சார் இல்ல. நான் இருக்கேன்ல?"

பக்கத்தில் நின்ற என் அப்பா பையில் கை விட்டார். "விடுடா, நான் கட்டிடறேன்."

"என்கிட்டயும் காசு இருக்குண்ணா. குடுக்க மாட்டேன்."

ஸ்டாம்பு இல்லாமலே பெட்டியில் போட்டார். அப்படிப் போட்டால் கட்டணம் வாங்குகிறவர் தலையில் இரட்டிப்பாக விழும். பத்து நாளில் கடிதம் திரும்பி வந்தது: வாங்க மறுத்துவிட்டாள். அனுப்பியவராவது அந்த இரட்டிப்பைக் கட்டினால்தான் கையில் கிடைக்கும் என்றார்கள். சித்தப்பா கட்டவில்லை. கல்யாணக் கேள்வி போஸ்ட் ஆபீஸ் மேஜை டிராயரில் கிடந்தது. மேலிடத்துக்கு மூன்று மனு போட்டார். பரிசீலிக்கிறோம் என்று ஒரே பதில் மூன்று முறை வந்தது.

"நேர்ல போய்க் கேளேன்டா," என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"போனா அவனுங்க ஜெயிச்ச மாதிரி."

வாய்தான் அப்படிப் பேசியது. மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை. டாக்டர் லைனைச் சமையல்கட்டுக்குக் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கினார். அவள் மறுத்தது காசையா, தன்னையா என்ற பயம் அவரைத் தின்றது. எனக்கோ அந்தப் பட்டியலைக் கிழித்து எறியலாம் போலிருந்தது.

பள்ளிக்கு லீவு விட்டதும் அவளே பஸ் ஏறி வந்துவிட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"உன் கடிதத்துக்கு எதுக்குக் காசுன்னு திருப்பி விட்டேன். என்ன எழுதியிருந்தே?"

"கடிதத்துல இருக்கு," என்றார் சித்தப்பா. இரண்டும் ஒரே ரகம்.

நானும் சேர்ந்து மூன்று பேரும் போஸ்ட் ஆபீஸ் போனோம். கிளார்க் டிராயரைத் திறந்தார். "ரெட்டிப்பு கட்டுங்க மேடம், தரேன்."

"வாங்க வரல சார். அம்பது கிராம்னு சொன்னீங்களாமே, நம்பிக்கை இல்ல. உறையைப் பிரிச்சு, தாளைத் தட்டுல வெச்சுக் காட்டுங்க."

இலவசக் கடிதத்தை ஒட்டக் கூடாது என்பது பழைய விதி, அதனால் ஒட்டாத உறைதான். அவர் தாள்களை உருவிப் புதுத் தராசின் தட்டில் வைத்தார். அவள் கையை நீட்டி, தட்டைத் தேடிப் பிடித்து, முதல் வரியில் விரலை வைத்தாள்.

"மேடம், கைய எடுங்க. எடை ஏறுது."

"ஏறட்டும்."

முள் ஐம்பதுக்கும் நூற்றுக்கும் நடுவே ஆடியது. ஒரு தாளை முடித்து அடியில் செருகி, அடுத்ததைத் தொடங்கினாள். பின்னால் வரிசை சேர்ந்தது. மணியார்டர் கட்ட வந்த ஒருவர் முணுமுணுத்தார். நான் முறைத்ததும் அடங்கினார். கிளார்க் அதற்குப்பின் கையை எடுக்கச் சொல்லவில்லை. சித்தப்பா கவுண்டர் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

நாலாவது தாளின் கடைசி வரியில் விரல் நின்றது. முள்ளும் நின்றது.

"பண்ணிக்கறேன்," என்றாள், வரிசை முழுக்கக் கேட்கும்படி.

பிறகு தாள்களை அடுக்கி உறையில் போட்டு, கவுண்டருக்குள் தள்ளினாள்.

"இந்தாங்க சார், பத்திரமா உள்ளயே வெச்சுக்கோங்க. நாங்க காசு கட்ட மாட்டோம்."