பட்டுச்சேலையும் காணாமல்போன கற்களும்

போன சனிக்கிழமை ஒரு கோச் பஸ் நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் வெறும் வயலில் இறக்கிவிட்டேன். என்னையும் சேர்த்து இருபத்தெட்டுப் பேர். பெண்களில் முக்கால்வாசிப் பேர் பட்டுச்சேலையில்.

வயலுக்கு எதற்குப் பட்டுச்சேலை என்கிறீர்களா? சொல்கிறேன்.

லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் மூத்தோர் சங்கம் கோடையில் ஒருநாள் டிரிப் போகும். எத்தனையோ வருடமாக சவுத்எண்ட் கடற்கரைதான். பொறுப்பு செல்வராணி அக்கா. சாப்பாடு, சீட், யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது... எல்லாம் அவர் கையில். அங்கே எடுக்கும் குரூப் போட்டோதான் முக்கியம். டொரன்டோ, பாரிஸ், சிட்னி என்று பிள்ளைகளின் போன்களுக்கெல்லாம் அன்றைக்கே பறக்கும்.

இந்த வருடம் நான் குறுக்கே விழுந்தேன்.

எல்லாம் போன குளிர்காலத்தில் தொடங்கியது. முழங்கால் வலி, வெளியே மழை, மடியில் டேப்லட். விமானத்திலிருந்து ஒளியைப் பாய்ச்சி நிலத்தை அளந்து செய்த மேப் ஒன்று அகப்பட்டது. ஒரு பட்டனை அழுத்தினால் மரம், பற்றை எல்லாம் மறைந்துவிடும். வெறும் நிலம்! அதிலே வட்டங்கள், மேடுகள், அகழிகள்... நாலாயிரம், ஐயாயிரம் வருடங்களுக்கு முன் இந்த நாட்டில் இருந்தவர்கள் செய்தவை. இன்னொரு இணையத்தளத்தில், அவர்கள் வட்டமாக நட்டு, பிறகு விழுந்துபோன கற்களையெல்லாம் திரும்ப நிமிர்த்திக் காட்டுகிறார்கள். விரலால் சுற்றிப் பார்க்கலாம். உள்ளே போய் நிற்கலாம். சூரியனைக்கூட உதிக்க வைக்கலாம்! இரண்டு தரம் சோறு அடிப்பிடித்தது.

“உந்தக் கல்லுகளைப் பாக்கிற நேரம் என்னையும் ஒருக்காப் பாரும்” என்றார் என் கணவர். நியாயம்தான். ஆனால் அவரைச் சுற்றிப் பார்க்க பட்டன் இல்லையே.

வில்ட்ஷயர் பக்கம் ஒரு கல்வட்டம் என்னை அப்படியே பிடித்துக்கொண்டது. பெயர் சொல்லமாட்டேன். டிக்கெட் இல்லை, கயிறு கட்டித் தூரத்தில் நிறுத்தமாட்டார்கள். என் திரையில் முப்பத்தேழு கற்கள், சில எங்கள் வீட்டு மேல்மாடி உயரம். சங்கக் கூட்டத்தில் டிவியில் போட்டுக் காட்டினேன். வாய் பிளந்தார்கள். வாக்கெடுப்பில் ஒரே ஒரு வாக்கால் நான் வென்றேன்.

செல்வராணி அக்கா கதிரைகளை அடுக்கி முடித்துவிட்டுத்தான் வந்தார். “சரி பிள்ளை, போய்ப் பாப்பம். ஆனா இது சரிவரேல்லை எண்டால், இனி டிரிப் விசயத்திலை நீ வாய் திறக்கப்படாது.”

“ஓம் அக்கா” என்றேன். அவ்வளவு திமிர் எனக்கு!

அந்த உயரக் கற்களுக்கு முன்னால் போட்டோ என்றதும்தான் பட்டுச்சேலைகள் வெளியே வந்தன.

கோச் நின்றது. வயல். செம்மறியாடுகள். நல்ல காற்று. கற்கள்? மூன்று. அதிலும் ஒன்று சாய்ந்து கிடந்தது. மற்ற இடங்களில் எல்லாம் முழங்கால் உயரத்தில் சீமெந்துக் கட்டைகள் — இங்கே ஒரு கல் இருந்தது என்று காட்ட. மிச்சக் கற்களை எந்தக் காலத்திலோ உடைத்து வீடு கட்டிவிட்டார்களாம். அந்தத் தளத்திலேயே கீழே எழுதியிருந்தது. கீழே போய் வாசித்தால் அல்லவா? குளிர்காலம் முழுக்க நிமிர்த்திய படத்தையே பார்த்துக் கிறங்கிய நான், இன்றைக்கு அந்த இடம் எப்படி இருக்கிறது என்று ஒரு போட்டோகூடப் பார்க்கவில்லை.

“எங்கை பிள்ளை கல்லு?”

“இது கார் பார்க் ஆக்கும். கல்லு அங்காலை இருக்கும்.”

“வடிவா எங்களைப் பேய்க்காட்டி ஏமாத்திப்போட்டாள்!”

செல்வராணி அக்கா கோச்சை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் இன்னும் இருபது வருடத்துக்கான சவுத்எண்ட் தெரிந்தது.

டேப்லட்டை நீட்டினேன். அங்கே நின்று பிடித்தால் திரையில் கற்கள் எழும்பும். எழும்பியது உண்மை. ஆனால் அடித்த வெயிலில் அவரவர் முகம்தான் தெரிந்தது.

நடேசு அண்ணை — பஸ் ஓட்டி ரிட்டயரானவர் — இரண்டு தரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சலித்துப்போனார். “எனக்கு உதிலை ஒண்டும் தெரியேல்லை. எந்த இடத்திலை நிண்டது எண்டு சொல்லு, நான் போய் நிக்கிறன்.”

போய் ஒரு கட்டைக்குப் பக்கத்தில் நின்றார். ஆறடி மனிதர். அப்படியே கல்!

அடுத்தது அவர் மனைவி. பிறகு என் கணவர். பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நான் நடுவில் நின்று, தலையில் சால்வையைப் போர்த்தி வெயிலை மறைத்து, டேப்லட்டைப் பார்த்துக் கத்தினேன். “அது நெட்டைக் கல்லு! கட்டையானவை இஞ்சாலை வாங்கோ!” “ஆரைக் கட்டை எண்டுறாய்?” ஒரே சிரிப்பு. ஆட்கள் முடிந்த இடங்களில் மடக்குக் கதிரை, குடை, ஹாண்ட்பாக்...

“நாலாயிரம் வருசம் நிண்டதாம்! எனக்கு நாலு நிமிசம் ஏலாமல் கிடக்கு!” என்று அந்தப் பக்கமிருந்து ஒரு கல் புலம்பியது.

வட்டத்தின் வாசலில் நின்ற பெரிய கல்லின் இடம் மட்டும் வெறுமை. எல்லோருக்கும் தின்னக் கொண்டுவந்த ரோல்ஸ் பெட்டியைத் தூக்கி அங்கே வைத்தேன்.

கோச் கதவு படாரென்று திறந்தது. “விசரே உங்களுக்கு? சாப்பாட்டுப் பெட்டியை வெயிலுக்கை வைக்கிறதே!” செல்வராணி அக்கா விறுவிறுவென்று வந்து பெட்டியை நிழலில் வைத்தார். சுற்றிப் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, பெட்டி இருந்த இடத்தில் போய் நின்றார்.

வட்டம் நிறைந்தது. திரையில் நான் மாதக்கணக்காகச் சுற்றிப் பார்த்த அதே வட்டம், மஞ்சளும் பச்சையும் மெரூனுமாக என்னைச் சுற்றி நின்றது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு பெரியது என்று அதுவரை எனக்கே தெரியாது.

நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரரை மேட்டில் ஏற்றிப் போட்டோ எடுக்கச் சொன்னோம். வருடக்கணக்காக இந்த வயலில்தான் நடக்கிறாராம், இப்படி ஒரு வட்டம் என்று இன்றைக்குத்தான் கண்டாராம். அவருக்கு இரண்டு ரோல்ஸ்.

நான் படித்தது இதுதான்: படத்தைப் பார்த்து மயங்கினால், கீழே எழுதியிருப்பதையும் வாசியுங்கள். ஆனால் நான் வாசித்திருந்தால் எங்களுக்கு இந்த நாள் கிடைத்திருக்குமா?

திரும்பும் வழியில் செல்வராணி அக்காவுக்கு டொரன்டோவிலிருந்து மகளின் அழைப்பு. ஸ்பீக்கரில்தான் பேசுவார், கோச்சுக்கே கேட்கும்.

“அம்மா, போட்டோ வந்தது. கல்லுப் பாக்கப் போறம் எண்டியள், ஒரு கல்லையும் காணேல்லை?”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“வடிவாப் பார் பிள்ளை. சிரிச்சுக்கொண்டு நிக்குதுகள்.”