வயிற்றுவலி அறை

பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கூடத்து நர்ஸுக்கு வைத்த பெயர் 'வயித்துவலி அக்கா'. சாகும்வரை அதை ஒரு பட்டம் மாதிரியே சொல்லிக்கொண்டார்.

மாடிப்படிக்குக் கீழே அவருடைய அறை. கட்டில், பச்சைத் திரை, வெந்நீர்ப் பை, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். வளரும் வயதுப் பிள்ளைகள் உடம்பைப் பற்றி எதையும் கேட்கலாம் என்று மேலிடம் ஒதுக்கிய அறை. ஆனால் வெளியே நிற்கும்போது யார் கேட்டாலும் பெண்பிள்ளைகளுக்கு வயிற்றுவலி, பையன்களுக்கு முட்டிவலி. தாழ்ப்பாள் விழுந்த பிறகுதான் உண்மை வாயைத் திறக்கும். மாதவிலக்கு தள்ளிப்போனது, காதலன் நச்சரிப்பது, தூக்கத்தில் நனைந்த படுக்கை, முத்தம் கொடுத்தால் கர்ப்பமாகுமா என்ற சந்தேகம்.

"நோட்டுல என்னக்கா எழுதுவீங்க?"

"நீ வெளிய என்ன சொன்னியோ, அதான்."

அந்த வாக்கை அவர் ஒருநாளும் மீறியதில்லை. இத்தனை வயிற்றுவலியா என்று மேலிடம் பதறி, குடிநீர்த் தொட்டியை மூன்று முறை கழுவ வைத்தது. "கழுவிக் கழுவித் தொட்டிக்கே வயித்துவலி வந்திருக்கும்" என்று சிரிப்பார்.

ஒருநாள் அந்தச் சிரிப்பு நின்றது. 'ஆலோசனைக்கு வந்தவர்கள்: யாருமில்லை. அறையை விளையாட்டுச் சாமான் வைக்க ஒப்படைக்கவும்' என்று கடிதம் வந்தது. முன்பெல்லாம் வருடத்துக்கு ஐந்தாறு பெண்கள் கர்ப்பமாகிப் படிப்பை விட்டுப் போவார்கள். கடைசி நான்கு வருடத்தில் ஒருத்திதான். அவளும் குழந்தை பெற்றுத் திரும்பி வந்து பரீட்சை எழுதினாள். அதைச் சொல்ல நோட்டில் கட்டமில்லை.

மேலதிகாரி வந்து பக்கங்களைப் புரட்டினார். "முந்நூறு வயித்துவலி, நூத்திநாப்பது முட்டிவலி. இது பள்ளிக்கூடமா, முதியோர் இல்லமாம்மா?"

"எல்லாம் வேற வலி சார்."

"எந்த வலி? எழுதியிருக்கணும்ல?"

"எழுத மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அப்ப சாவியக் குடுங்க."

நர்ஸ் சாவியை மேஜைமேல் வைத்தார். அந்த நேரம் பார்த்து 'நெட்டச்சி' என்று எல்லோரும் கூப்பிடும் வாலிபால்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா, வயித்துவலியா?" என்றார் அதிகாரி, கிண்டலாக.

அவள் சாவியைப் பார்த்தாள், நர்ஸின் முகத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"இல்ல சார். வெள்ளைப்படுது, அரிக்குது. அப்படியே எழுதிக்கோங்க."

அதிகாரியின் பேனா பாதியில் நின்றது. வராந்தாவிலிருந்து ஒரு குரல்: "எனக்கு மாசத்துக்கு ரெண்டு தடவ வருது சார்!" இன்னொன்று: "எனக்கு மூணு மாசமா வரவே இல்ல, அவளோடத எனக்குக் குடுங்க!"

வராந்தாவே சிரித்தது. கடைசியில் ஒரு பையன் கையைத் தூக்கினான். "சார், எனக்கும் முட்டியில ஒண்ணுமில்ல."

"அப்புறம் எங்கடா?"

"ஏய், போதும்!" என்று எழுந்தார் நர்ஸ். "மிச்சத்தக் கதவச் சாத்திட்டுச் சொல்லு."

அதிகாரியின் காது சிவந்துவிட்டது. சாவியை நர்ஸின் பக்கம் நகர்த்தினார். "பேர் வேண்டாம்மா. வயித்துவலிக்குப் பக்கத்துல என்ன விஷயம்னு ஒரு நம்பர் மட்டும் போடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

பந்துகளும் வலைகளும் வேறு இடம் தேடிப் போயின. மறுநாள் காலை கதவில் யாரோ சாக்பீஸால் எழுதியிருந்தார்கள்: 'வயித்துவலி, முட்டிவலி, மத்த எல்லா வலியும் இங்கே.' பிற்பாடு மேலிடத்திலிருந்து பளபளவென்று பலகை வந்தும் நர்ஸ் அதை அழிக்கவில்லை. மங்கும்போதெல்லாம் அவரே அதன்மேல் எழுதினார்.

அவர் போய் ஐந்து மாதமாகிறது. எழுத்து இன்னும் மங்கவில்லை.