கேரியர் இல்லாத சைக்கிள்

சைக்கிள் வாங்கப் போனால் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? பிரேக்கையா, டயரையா, பெல்லின் சத்தத்தையா? சுடலைமாடன் இதில் எதையும் முதலில் தொடமாட்டார். நடுக்கம்பிக்குள் வலது கையை விட்டு, வண்டியை அப்படியே தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு பத்தடி நடப்பார். இறக்கி வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போவார்.

அவர் தன் முதல் சைக்கிளை வாங்கிய அன்று நான் பஞ்சர் ஒட்டுவதற்காக அதே கடையில் காத்திருந்தேன். எட்டு வருஷம் ஆகிறது. தென்காசியில் நாறும்பூநாதன் கடை. பழைய வண்டிகள் ஐந்து சுவரில் சாத்தியிருந்தன. ஐந்தையும் தூக்கிப் பார்த்தார்.

"ஏலே மாடா, சைக்கிள் வாங்குதியா, ஆட்டுக்குட்டி வாங்குதியா?" என்றார் கடைக்காரர். அவருக்குச் சுடலைமாடனைவிடப் பத்து வயது குறைவு.

சுடலைமாடனும் சேர்ந்து சிரித்தார். "எடை கொறைஞ்ச வண்டியாக் குடுங்க மொதலாளி. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்."

துட்டிச் செய்தி சொல்வது அவர் வேலை. மேலத்தெருவில் யாராவது இறந்தால் வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு அவர்தான் போய்ச் சொல்ல வேண்டும். அப்பா செய்தார், அதனால் இவர் செய்கிறார். மாட்டேன் என்று சொல்ல அந்த வேலையில் வழி கிடையாது. பஸ் செலவும் கிடையாது. ஆய்க்குடிக்கும் இலத்தூருக்கும் நடந்துவிடலாம். ராயகிரிக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அவர்கள் கிளம்பி வருவதற்குள் சிதை அணைந்திருக்கும். முகம் பார்க்கக் கிடைக்காதவர்களின் வசவெல்லாம் சொல்லப் போனவருக்கு. அதனால்தான் சைக்கிள். அறுப்புக் கூலியோடு, மனைவி பாலம்மாள் வளர்த்த இரண்டு கிடாய்களை விற்ற பணமும் சேர்ந்து ஒரு பழைய வண்டிக்குத்தான் காணும்.

எடை ஏன் குறைய வேண்டும்? அவர் குடியிருக்கும் கீழக்குடியிலிருந்து தென்காசி ரோட்டுக்கு ஒரே பாதை. அது மேலத்தெரு வழியாகப் போகிறது. அங்கே கீழக்குடிக்காரர் சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது. இறங்கி, செருப்பைக் கையில் எடுத்து, வண்டியை உருட்டிக்கொண்டு போக வேண்டும். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் மற்ற ஊர்கள் தப்பித்துக்கொள்ளும். தீண்டாமை குற்றம் என்று ஐம்பத்தைந்தில் சட்டம் வந்து ஆறு வருஷமாயிற்று. சட்டம் தாலுகா ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. அந்த வீடுகளின் சாவைச் சுமந்து போகும் வாய்க்குத் தீட்டில்லையாம். அவர் உட்காரும் சீட்டுக்குத்தான் தீட்டாம். இந்த நியாயத்தை எந்தச் சாமி சொன்னது என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். மேலத்தெருக்காரர்களுக்குக் கோபம் வருகிறது, பதில் வருவதில்லை.

சுடலைமாடன் உருட்ட மறுத்தார். வாய்க்காலில் இறங்கி, வரப்புகளின் மேல் அரை மைல் தூரம் வண்டியைத் தோளில் சுமந்து, வயலைச் சுற்றி ரோட்டில் ஏறினார். இது என்ன வீண் பாடு என்று கேட்டேன்.

"உருட்டிக்கிட்டுப் போனா தலையக் குனியணும் அய்யா. தோள்ல வச்சா நிமிந்துதான் நடக்கணும்."

அதற்காக வண்டியை உரித்தார். சாரல் மாதங்களில் வயல் சேறு மட்காட்டுக்குள் அடைத்துக்கொள்ளும், சக்கரம் சுற்றாது. இரண்டு மட்காடுகளையும் கழற்றினார். ஸ்டாண்டு போயிற்று. செயின் மூடி போயிற்று. கடைசியில் கேரியரும் போயிற்று. தோளில் அழுந்தும் இடத்தில் பாலம்மாள் பழஞ்சேலையைச் சுற்றித் தைத்துக் கொடுத்தார். குற்றாலத்துக்குக் கேரியரில் வைத்து அவரைக் கூட்டிப் போவதாகப் பேச்சு இருந்தது. "எனக்கு உக்கார எடம் இல்லாம ஆக்கிட்டு, கம்பிக்கு மெத்தை தைக்கச் சொல்லுதீரு" என்று சொல்லிக்கொண்டேதான் தைத்தாராம். சுடலைமாடன் இதைச் சொல்லும்போது, அந்தத் துணியின் தையலை விரலால் நிமிண்டிக்கொண்டிருப்பார்.

போன கார்த்திகையில், களை எடுக்கும்போது பாலம்மாளைப் பாம்பு கடித்தது. நாலு மைல் தள்ளித் தென்காசியில் ஆஸ்பத்திரி. சுடலைமாடன் வீட்டுக்கு ஓடிச் சைக்கிளை எடுத்து வந்தார். உட்கார வைக்க இடமில்லை. முன்கம்பியில் வைத்துப் பார்த்தார். கழுத்து நிற்காமல் பாலம்மாள் இரண்டு தடவை சரிந்துவிட்டார். சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு, மனைவியைத் தோளில் தூக்கிக்கொண்டு மேலத்தெரு நடுவே ஓடினார். அன்று யாரும் அவரைத் தடுக்கவில்லை. மூன்று வீட்டு வாசலில் சைக்கிள் நின்றது. மூன்றிலும் கேரியர் இருந்தது. கேட்க அவருக்குத் தோன்றவில்லை. கொடுக்க அவர்களுக்கும் தோன்றவில்லை.

தென்காசி மொட்டைக் கோபுரம் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு பாலம் இருக்கிறது. அங்கே நின்றுவிட்டார். "எடை பாக்கத் தெரிஞ்சவம்லா அய்யா. தோள்லயே தெரிஞ்சு போச்சு."

ராயகிரியில் இருக்கும் மாமியாருக்குத் துட்டி சொல்லவும் அவரேதான் போனார். அதற்கு வேறு ஆள் கிடையாது. எத்தனையோ வீட்டு வாசலில் நின்று துட்டி சொன்னவர்தான். சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருக்கிறார். கிழவி அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

அடுத்த வாரம் நாறும்பூநாதன் கடையில் ஒரு கேரியரை மாட்டிக்கொண்டார். கடைக்காரர் அன்று கேலி பேசவில்லை. வண்டி இப்போது கனக்கிறது. அந்தக் கனத்தோடு அதே வரப்பில், அதே தோளில், நிமிர்ந்துதான் போகிறார். கேரியரில் ஒரு சாக்கை நாலாக மடித்துக் கட்டியிருக்கிறார். அதில் யாரையும் ஏற்றி நான் பார்த்ததில்லை.

கீழக்குடியில் யார் சைக்கிள் வாங்கினாலும் அவரைத்தான் அழைத்துப் போகிறார்கள். போன வாரம் ஏசுவடியான் என்பவருக்காகக் கடைக்கு வந்திருந்தார். வழக்கம்போல வண்டியைத் தோளில் மாட்டிப் பத்தடி நடந்தார். இறக்கினார். பிறகு பின்பக்கம் போய், இரண்டு உள்ளங்கைகளையும் கேரியரில் ஊன்றி, கால் தரையை விட்டு எழும்பும்வரை உடம்பின் முழுப் பாரத்தையும் அதன் மேல் வைத்து அழுத்தினார்.

உங்கள் ஊரிலும் ஒரு மேலத்தெரு இருக்கும். அதன் முனையில் நாளைக் காலை ஒருவர் சைக்கிளை விட்டு இறங்குவதைப் பார்த்தால், வாசலை விட்டு இறங்கிப் போங்கள். ஏறிக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் தெருவைத் தாண்டும்வரை பக்கத்திலேயே நடங்கள்.