பாதி உடம்புக்கு வந்த சாமி

எங்கே பம்பை அடித்தாலும் என் கண் முதலில் அம்மாவின் இடது கையைத்தான் தேடும். நேற்றும் அப்படித்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைச் சாலையில், உருக்காலைப் புகையைக் கிழித்துக்கொண்டு, வேப்பிலை கட்டிய டெம்போ ஒன்று பெரியபாளையத்துக்குப் போனது. அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

இந்தப் பழக்கம் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. ஆடி மாதம். பெரியபாளையத்துத் தோப்பில் பொங்கல் பானை கொதிக்க, அத்தைக்குச் சாமி வரும் என்று காத்திருந்தோம். அப்பாவுக்கு அக்கா அவள். பம்பைக்காரர் அடியை மாற்றினால் போதும், வருஷம் தவறாமல் வந்துவிடும். அந்த வருஷம் ஆத்தா ஆளை மாற்றிவிட்டாள். கரண்டி பிடித்திருந்த அம்மாவின் இடது கை சட்டென்று வீசியது. கரண்டி பறந்தது. கை சுழன்றது, உதறியது, மறுபடி சுழன்றது. இடது காலும் கூடச் சேர்ந்துகொண்டது.

குலவை எழுந்தது. மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அப்பாகூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

“நா ஆடலங்க, கை தானா போவுது,” என்றாள் அம்மா.

“ஆத்தா பேசறா!” என்று கூட்டம் இன்னும் நெருங்கியது. ஒருத்தி தன் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டேவிட்டாள்.

அத்தை மட்டும் கும்பிடவில்லை. அம்மா வைக்கும் குழம்பில் உப்பு, போடும் கோலத்தில் கோணல், எல்லாவற்றிலும் குறை காணும் கண் அவளுக்கு. அதே கண்ணால் அம்மாவைப் பார்த்தாள்.

“மேளத்த நிறுத்துய்யா!”

பம்பை நின்றது. கை நிற்கவில்லை. அத்தை அம்மாவின் முகத்தில் தண்ணீர் அடித்தாள், நெற்றியில் திருநீற்றை அழுத்தினாள். அவளுக்கு வரும் சாமி என்றால் அதற்குள் மலையேறியிருக்கும். கை நிற்கவில்லை.

“இன்னாமே, உனுக்கு வர்லன்னு வயித்தெரிச்சலா?” என்றாள் எங்களோடு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி.

“எத்தினி வருசமா எனுக்கு வருது, எனுக்குத் தெரியாதா? ஆத்தா வந்தா முழுசா வருவா. பாதி ஒடம்புக்கா வருவா? டேய் தம்பி, வண்டிய எடுறா!”

அப்பா தயங்கினார். சாமிக் குத்தமாகிவிடுமோ என்ற பயம்.

“அண்ணி, பயமா கீது,” என்றாள் அம்மா. அதற்குப் பிறகுதான் அப்பா ஓடினார்.

சென்னைப் பெரியாஸ்பத்திரியில், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, பக்கவாதம் என்றார்களாம். “வாதம்னா கை வுழுந்துல்ல பூடும் டாக்டர்? இது ஆடினே கீதே?” என்று அப்பா கேட்டாராம். அபூர்வமாகச் சிலருக்கு இப்படியும் வரும், அதுவும் சர்க்கரை உள்ள உடம்பு, நல்லவேளை கொண்டுவந்தீர்கள் என்றாராம் டாக்டர். கை அடங்கச் சில வாரங்கள் ஆயின. அம்மா அதற்குப் பிறகு உருவிய ஒவ்வொரு கீரையும் அந்தக் குறை காணும் கண் போட்ட பிச்சை.

இதெல்லாம் நான் பிறகு அறிந்தது. அன்று அறிந்தது, அத்தை எங்கள் சாமியைப் பிடுங்கிக்கொண்டு போகிறாள் என்பது மட்டும்தான். என்னைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டார்கள். நாங்கள் வந்த டெம்போவில் அம்மாவின் தலையை மடியில் கிடத்தி, அந்தக் கையைத் தன் மார்போடு அணைத்திருந்தாள் அத்தை. அது திமிறித் திமிறி அவள் முகத்திலேயே அறைந்தது. நான் பின்கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்: “நீதான் சாமிய தொரத்திட்ட!”

“ஆமாண்டி, தொரத்திட்டேன்தான்,” என்றாள். “உங்கம்மாவ முழுசா இட்னு வரேன். அப்பால ரெண்டு பேரும் சேந்து என்னத் திட்டுங்க. இப்ப கதவ உடு.”