தேன் துருவம்

"நிலவின் தேன் துருவத்தில்" என்று நான் மைக்கில் சொன்னதும் மண்டபத்தில் ஒரு நொடி மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாகப் பின்னால் போய், தமிழ் சரியாகப் பிடிபடாத பையன்களிடம் முட்டி நின்றது. அவர்களில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனுக்கு, "அரே, சாந்த் பே ஷஹத் ஹை, போல்தீ ஹை" என்று, நிலவில் தேன் இருக்கிறதாம் என இந்தியில் விளக்க, அங்கேயும் சிரிப்பு. ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நின்றவள் நான் ஒருத்திதான். இன்றும் செய்தியில் நிலவு, விண்கலம் என்று ஏதாவது வந்தால், வாசிப்பவர் அந்தச் சொல்லைத் தொடுவதற்குள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

நம் நாட்டின் ஆளில்லாத விண்கலம் நிலவில் பத்திரமாக இறங்கி நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. தாராவி முழுக்க அதே பேச்சு. என் மாமியாருக்கு அது சொந்த வீட்டு விசேஷம் மாதிரி. முன்பு போனது விழுந்து நொறுங்கிய வருத்தம் அவருக்கு ஆறவே இல்லை; இது இறங்குகிறவரை மொபைல் கடை டிவி முன்னால் நின்றுவிட்டு, இறங்கியதும் தெருவில் போன மராத்திக்காரிக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தவர். ஊரில் பத்தாவது வரை தமிழில் படித்தவர் அத்தை. வடை மடித்து வரும் காகிதத்தைக்கூட எண்ணெயைத் துடைத்து வாசித்துவிட்டுத்தான் போடுவார். நான் மும்பையை ஒட்டிய கல்யாண் நகரில் பிறந்து இந்திப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவேன், சண்டை போடுவேன், கனவு காண்பேன். எழுத்து மட்டும் தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில் அத்தை பேப்பரை நீட்டினால் மேலும் கீழுமாகக் கண்ணை ஓட்டிவிட்டு "ஆமா அத்தே" என்பேன். அவரும் நான் ஏதோ எழுத்துக் கூட்டி வாசிப்பவள் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்து லேபர் கேம்ப் மண்டபத்தில் விஞ்ஞானிகளுக்குப் பாராட்டு விழா வைத்த தமிழ்ச் சங்கச் செயலாளர், எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி. ஆபீஸ் போகிற பெண் ஒருத்தி பேசினால் நன்றாயிருக்கும் என்று ஒரு பக்கம் எழுதி என் கையில் கொடுத்துவிட்டார். முடியாது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தை பக்கத்தில் நின்று, "எம் மருமவ ஜம்முனு பேசுவா" என்று எனக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டார். அந்தத் தாளை ஆபீசுக்குக் கொண்டு போனேன். கூட வேலை பார்க்கும் மாட்டுங்கா மாமி சாயங்கால ரயிலில் அதை நிறுத்தி நிறுத்தி வாசிக்க, நான் இந்தி எழுத்தில் எழுதிக்கொண்டேன். தான் இறங்க வேண்டிய மாட்டுங்கா ஸ்டேஷன் வந்துவிடப் போகிறதே என்று கடைசிப் பத்தியை மாமி தந்தி மாதிரி படித்தார். இந்தி எழுத்தில் 'தெ' கிடையாது, 'தே' மட்டும்தான் உண்டு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சவுத் போல் என்று சொல்லிப் பழகியவளுக்கு அது தென் துருவமா, தேன் துருவமா என்று எப்படித் தெரியும்?

முதல் சிரிப்போடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று மூளையை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் நம்பினேன். விண்கலத்துக்காக உழைத்த "பெண் விஞ்ஞானிகள்", என் வாயில் "பேண் விஞ்ஞானிகள்" ஆனார்கள். ஒருத்தி தலையைச் சொறிந்து காட்டினாள். மண்டபமே அதிர்ந்தது. பின்னால் நின்றிருந்த என் வீட்டுக்காரர் டீ குடிக்க வெளியே போய்விட்டார். அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் முதல் வரிசையிலிருந்து அத்தை எழுந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். மேடையேறி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "கொண்டா இங்க, நான் வாசிக்கேன்" என்று தாளை வாங்கினார். கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். "என்னட்டி இது, இந்தி எழுத்தால்லா இருக்கு?" என்று என்னிடம் மெதுவாகத்தான் கேட்டார். மைக் அதையும் பிடித்து ஊருக்கே சொல்லிவிட்டது.

சிரிப்பு சட்டென்று நின்றது. அந்த அமைதிக்கு அவர்கள் சிரித்ததே தேவலை. அங்கே உட்கார்ந்திருந்த முக்கால்வாசிப் பேர் வீட்டுப் பிள்ளைகளும் என்னைப் போலத்தான் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அத்தைக்கும் முகம் மாறிவிட்டது. எனக்கு எதிரே பார்க்கத் துணிவில்லை. அவருடைய ரப்பர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி, நீ எங் காதுல சொல்லு. நான் சத்தமாச் சொல்லுதேன்" என்றார்.

அப்படித்தான் அந்தப் பேச்சு முடிந்தது. நான் "தேன்" என்று முணுமுணுக்க, அவர் "தென் துருவம்" என்று முழங்கினார். நான் "நம் கோடி பறக்க" என்றேன். அத்தை ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, "நம் கொடி பறக்க" என்றார். முடிந்ததும் கைதட்டினார்கள், அண்ணாச்சி எழுந்து நின்றே தட்டினார். எனக்கு அந்தக் கைதட்டல் எரிச்சலாக இருந்தது. பாவம் என்று தட்டுவதற்கும் பாராட்டித் தட்டுவதற்கும் வித்தியாசம் தெரியாத வயசா எனக்கு?

வீட்டுக்குப் போகும்போது அத்தை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். எல்லோர் முன்னாலும் தலைகுனிய வைத்ததற்காகக் கோபம் என்று நினைத்து, திட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக நடந்தேன். கோழிக்கடைத் திருப்பத்தில் நின்று, "அண்ணாச்சி எழுதிக் கொடுத்தத யாரு வாசிச்சுக் காமிச்சா?" என்று கேட்டார். சொன்னேன். மாமி, ரயில், மாட்டுங்கா, எல்லாம். அவர் என் ரசத்தைக் குறை சொல்லியிருக்கிறார், நான் துணி மடிக்கிற லட்சணத்தைக் குறை சொல்லியிருக்கிறார். என் படிப்பைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஒரே வீட்டுல, ஒரே பாய்ல படுத்துக் கெடக்கோம். எங்கிட்ட கேக்காம ரயில்ல போயி அடுத்தவககிட்ட வாசிக்கக் கேட்டிருக்க" என்றார். "ஏட்டி, நான் என்ன ஒன்னயக் கடிச்சா தின்னுருவேன்?"

அன்று மண்டபத்தில் சிரித்தவர்களில் ஒருவர் முகம்கூட இப்போது எனக்கு நினைவில்லை. அத்தை கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை.