விறைப்பாகக் கட்டிய வயர்கள்

போன வாரம் எங்கள் வீட்டு மிக்ஸி ஸ்விட்ச் கருகிவிட்டது. எலக்ட்ரீஷியன் வந்து, "ஸ்விட்ச் போச்சு, வேற போட்டிருவோம்" என்று இரண்டே நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார். அந்தக் கருகல் வாசனையில் நான் மட்டும் நம்பாமல் நின்றேன். ஸ்விட்ச் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கதை உண்டு, கேளுங்கள்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் நானும் ஜெபமணியும் எலக்ட்ரிக்கல் பிரிவில் இருந்தோம். அவன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவான். அவன் தூக்குவாளியில் எனக்கும் சேர்த்துக் கருவாட்டுக் குழம்பு இருக்கும். அந்தக் குழம்பின் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் என் மனைவிக்குப் பிடிக்காது.

ஓய்வு பெற்ற எங்கள் மேனேஜருக்குத் திடீரென்று ஓர் ஆசை: சொந்தக் கையால் விமானம் கட்டுவது. இரண்டு பேர் உட்காரலாம். அய்யனார் கோவில் போகிற வழியில் இருந்த தன் மாங்காய் குடோனில் கட்டினார். ஊரே சிரித்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் வயரிங் செய்யப்போன எங்களைப் பார்த்தும்தான்.

வயர் முனையில் லக் என்கிற செம்புக் காதை மாட்டி அழுத்துவது ஜெபமணி வேலை. வயர்களை அடுக்கிக் கட்டுவது நான். அதில் எனக்கு மில்லிலேயே பேர் உண்டு. ஒரு வயர் வளையாது, தொங்காது. தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் மாதிரி விறைப்பாக நிற்கும். மேனேஜர் பார்த்துவிட்டு, "பாகுந்தி, பாகுந்தி" என்று தெலுங்கில் பாராட்டினார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது பெட்ரோல் பம்ப் ஸ்விட்ச் செத்தது. புதிது போட்டோம், நாலே ஓட்டத்தில் அதுவும் போனது. டூப்ளிகேட் சரக்கு என்று மதுரைக் கடைக்காரரைத் திட்டிவிட்டு, கூடுதல் ஆம்பியர் தாங்குகிற ஸ்விட்சாக வாங்கி வந்தேன். அதுவும் கருகியது. வானத்தில் வைத்து இப்படி ஆனால் மேனேஜர் வீடு திரும்ப மாட்டார்.

"லக்கை சரியா அழுத்தலையோ?" என்றார் அவர்.

ஜெபமணி என்னைப் பார்த்தான். அவன் அழுத்திய லக் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தவன் நான். ஒன்றுகூட அசையாது. ஆனால் என் வாய், "இருக்கலாம் சார்" என்றது.

"அப்படியா. அப்ப நான் வாரேன் சார்" என்று கையிலிருந்த பிளையரைத் துடைத்து வைத்துவிட்டுப் போனான். பிறகு அந்தக் குடோனுக்கு வரவேயில்லை. மில்லிலும் வேலைப் பேச்சோடு சரி.

அடுத்த ஞாயிறு தனியாக உட்கார்ந்து, செத்த ஸ்விட்சை உடைத்துப் பார்த்தேன். உள்ளே முனைகள் புதுசாகவே இருந்தன. கருகியிருந்தது வெளியே, வயர் மாட்டுகிற தகடு ஸ்விட்சோடு சேரும் ரிவெட்டில். தகடு பால்பல் மாதிரி ஆடியது. மில்லில் ஸ்விட்ச் பேனல் சுவரோடு அசையாமல் நிற்பது. விமானமோ உதறுகிற சாமான். தொய்வே இல்லாத என் வயர் ஒவ்வொரு உதறலுக்கும் தகட்டைப் பிடித்து இழுத்திருக்கிறது. ரிவெட் தளர்ந்து, சூடேறி, கருகியிருக்கிறது. என் அழகான கட்டுகளையெல்லாம் வெட்டி, தொய்வு விட்டுக் கட்டினேன். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் அதன்பின் ஒரு ஸ்விட்சும் சாகவில்லை.

"லக்குதானே?" என்று கேட்டார் மேனேஜர். தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அனுமதியெல்லாம் வந்து, தேவதானம் பக்கம் ஒரு தரிசில் விமானம் எழும்பியது. தென்னைகளுக்கு மேல் ஒரு சுற்று. ஜெபமணி இல்லாமல் நான் மட்டும் நின்று கைதட்டினேன்.

மேனேஜர் இப்போது இல்லை. விமானம் யாருக்கோ விலை போனது. குடோன் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். போன வாரம் அந்த எலக்ட்ரீஷியன் போன கையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். ஜெபமணி வீட்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு நான் வயர் கட்டினதில்தான், உன் லக்கில் இல்லை என்றேன். பொறுமையாகக் கேட்டான்.

"அதுக்கென்ன, விடுங்க. காப்பி சாப்பிடுதீங்களா?" என்றான்.

மில்லில் பதினெட்டு வருடம் என்னை 'ஏலே' என்று மட்டுமே கூப்பிட்டவன்.